மூன்று ‘ஏ’ மிச்சம்

தங்கமணி இடைநிலைப்பள்ளி மூன்றாம் படிவத்தில் ஓவியத்தைத் தவிர மற்ற எல்லாப் பாடத்திலும் தவறியவள். ஓவியத்தை வைத்துக்கொண்டு ரப்பர் தோட்டத்தில் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பால்மரத்துக்கு ஓவியம் தேவையில்லை, புல்லுக்கும் தேவையில்லை. ஐந்து வருடம் ஆயாக் கொட்டகையில் ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டாள். 1978-இல், கோலசிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் அச்சுக்கடை வைத்திருந்த சீன முதலாளி, ‘தவுக்கே’, கை நடுங்காத பெண்பிள்ளை ஒன்று வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். தங்கமணிக்கு மனசு கொஞ்சம் மிதக்கும். கை நடுங்காது. போய்ச் சேர்ந்துவிட்டாள்.

வேலை இதுதான். எண்ணெய்த் தாள் மாதிரி ஒளி ஊடுருவும் தாள்கள் கோலாலம்பூரிலிருந்து வரும். அவற்றின் அடிவயிற்றில் ஆங்கில எழுத்துகள் கருப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். வேண்டிய எழுத்தை வேண்டிய இடத்தின் மேல் வைத்து, மழுங்கிய குச்சியால் மெல்லத் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க அது கருப்பிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறும். தூக்கம் வந்த குழந்தை மாதிரி தாளின் பிடியை விடும். தாளைத் தூக்கினால் எழுத்து கீழே அட்டையில் படுத்திருக்கும். முதல் எழுத்து இறங்கிய அன்று தங்கமணி மதியச் சோற்றை மறந்துவிட்டாள். மறந்த சோற்றைத் தவுக்கேயின் பூனை மறக்கவில்லை.

எத்தனையோ வகை எழுத்துத் தாள் இருந்தது. குண்டு எழுத்து, ஒல்லி எழுத்து, காற்றில் சாய்ந்த எழுத்து. அவள் மனசு போய் உட்கார்ந்தது ஒன்றில்தான். தவுக்கே அதை ‘ஓல்ட் இங்லிஷ்’ என்பார். வாடிக்கையாளர்கள் ‘பேப்பர் தலையில இருக்குமே, அது’ என்பார்கள். தங்கமணி வைத்த பேர் முள்ளெழுத்து. ஒவ்வொரு கோடும் தடித்து நிமிர்ந்து நிற்கும், தலையிலும் காலிலும் சாய்த்து வெட்டிய முனை இருக்கும். சின்ன எழுத்தெல்லாம் ஒரே குச்சிதான். ஒரு குச்சி நின்றால் ஐ, இரண்டு நின்றால் என், மூன்று நின்றால் எம். தோட்டத்து லயத்து வரிசை வீடுகள் மாதிரி, ஒரே தூண், ஒரே இடைவெளி, எந்த வீட்டுக்குள் எந்தக் குடும்பம் என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். பெரிய எழுத்துகள் வேறு சாதி. அவை திருவிழா நாள் மாதிரி வளைந்து, கொம்பு வைத்து, தோரணம் கட்டிக்கொண்டு வரும்.

காலையில் புக்கிட் பெலிம்பிங் பக்கத்திலிருந்து பஸ் ஏறினால், பனிக்குள் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் போகும். ஒவ்வொரு மரத்திலும் சாய்வாக ஒரு வெட்டு. பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு தங்கமணி அவற்றை வாசித்துக்கொண்டே வருவாள். ஐ, ஐ, ஐ, என், எம். முழுத் தோட்டமும் யாரோ எழுதி முடிக்காத ஒரு கடிதம் போல நகரும். கடிதம் முடியும் இடத்தில் கண்டக்டர் வந்து “எறங்கு லா, டவுன் வந்துருச்சு” என்பார்.

இந்த எழுத்தின் குணம் பிடிபட அவளுக்கு இரண்டு வருடம் ஆனது. வாசிக்க வேண்டிய இடத்தில் அதைப் போடக் கூடாது, மரியாதை வர வேண்டிய இடத்தில் போட வேண்டும். இதைக் கற்றுக் கொடுத்தது வாடிக்கையாளர் ஐயாவு வீட்டு நாய். ஐயாவு தன் வாசலுக்கு ‘நாய் ஜாக்கிரதை’ என்று ஆங்கிலத்தில் ஒரு பலகை கேட்டார், அதுவும் முள்ளெழுத்தில்தான் வேண்டும் என்றார். பலகை அரண்மனை வாசல் மாதிரி இருந்தது. வந்தவர்கள் என்ன எழுதியிருக்கிறது என்று கிட்டப் போய்க் குனிந்து படித்தார்கள். படித்து முடிப்பதற்குள் நாய் தன் வேலையை முடித்தது. தபால்காரர் உட்பட மூன்று பேர். ஐயாவு பலகையைக் கழற்றவில்லை. “அழகா இருக்கேப்பா” என்றார்.

கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெண் பேருக்கும், காற்பந்துக் குழுவின் சான்றிதழுக்கும், தஞ்சோங் காராங்கிலிருந்து முடி வளர்த்துக்கொண்டு வந்த ராக் பாடகர்களின் சட்டைக்கும், செத்துப்போன வக்கீலின் நினைவுப் பலகைக்கும் அதே எழுத்து. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு போகிற ஆள் மாதிரி. எங்கே போனாலும் எழுந்து இடம் கொடுப்பார்கள்.

ஆனால் அந்தத் தாளைச் செய்தவன் வெள்ளைக்காரன். அவன் பாஷைக்கு எது அதிகம் வேண்டுமோ அதை அதிகமாக வைத்திருந்தான். சின்ன எழுத்தில் இ (e) இருபத்திரண்டு, ஏ (a) பதினாறுதான். நம் ஆட்கள் பேரோ ஏ தின்று வளர்ந்த பேர். ஒரு சிவானந்தத்துக்கு மூன்று ஏ, ஒரு காளியண்ணனுக்கு மூன்று. ஐந்தாறு பேரை எழுதினால் தாளில் ஏ தீர்ந்துவிடும், இ மட்டும் கல்யாணமாகாத அக்காமார் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கும். தவுக்கே எதையும் எறியமாட்டார். தீர்ந்த தாள்களை இழுப்பறையில் போட்டு வைப்பார். எட்டு வருடத்தில் அந்த இழுப்பறை முழுக்க இ.

தங்கமணி என்ற பேருக்கும் மூன்று ஏ வேண்டும். 1981-இல் ஒரு புதுத்தாள் வந்த அன்று, மூலையில் இருந்த மூன்று ஏ-க்களைக் கத்தரித்து எடுத்துக்கொண்டாள். தன் கல்யாணப் பத்திரிகைக்கு. அப்போது ஒரு வரன் வந்துகொண்டிருந்தது. பிறகு இன்னொன்று வந்தது. மூன்றாவதாக வந்தவர்கள் மழைக்கு இரவல் வாங்கிப் போன குடையைக்கூடத் திருப்பித் தரவில்லை. ஏ மட்டும் கட்டுக்குலையாமல் இருந்தது.

அந்தத் துண்டை அவள் பவுடர் டப்பாவில் வைத்திருந்தாள். வீடு கூட்டும்போது அம்மா தாயம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

“மணி, இது என்னாடி, கருப்பா மூணு கொக்கி?”

உண்மையைச் சொல்ல வெட்கம். “எந்திரம்மா. பத்துமலைக் கோயில்ல குடுத்தாங்க” என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டாள்.

தாயம்மா அதைக் கொண்டுபோய்ச் சாமி மாடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். ஓரத்தில் ஒரு குங்குமப் பொட்டு. வெள்ளிக்கிழமைதோறும் சூடம். ஐந்து வருடம் வெள்ளைக்காரன் செய்த மூன்று ஏ-க்களும் அந்த லயத்து வீட்டில் ஆராதனை வாங்கின. தங்கமணிக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. அப்புறம் அவளும் அந்தப் பக்கம் போகும்போது கையைக் கன்னத்தில் ஒற்றிக்கொள்ள ஆரம்பித்தாள்.

1986. ரப்பரைச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த வருடம். ஒரு திங்கட்கிழமை தோட்டத்துப் பெரிய கிராணி சிவானந்தம் கடைக்கு வந்தார். அலுவலகக் கணக்கெழுதுகிறவர், அங்கே ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒரே தமிழர், அதனால் எப்போதும் கொஞ்சம் அண்ணாந்தே நடப்பவர்.

“பதினாலு பேரு. முப்பது வருஷத்துக்கு மேல வேல செஞ்சவங்க. சனிக்கிழம மேனேஜர் தொர தன் கையால சான்றிதழ் குடுக்கறாரு. தாளு நம்மகிட்ட அச்சடிச்சு ரெடியா இருக்கு. பேரு மட்டும் நீ போடணும்.”

“எந்த எழுத்து, கிராணி ஐயா?”

“பேப்பர் தலையில இருக்குமே, அது. பாத்தா பயம் வரணும்.”

பட்டியலை நீட்டினார். முதல் பேர் சிவானந்தம். இரண்டாவது, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் காளியண்ணன். பதினாலாவது தாயம்மா.

“அம்மா பேரு கடைசில இருக்குங்க.”

“போன வருஷத்துலேர்ந்து புல்லு வெட்டுதானே உங்கம்மா.”

“அதுக்கு முந்தி முப்பத்தோரு வருஷம் பால் வெட்டுனாங்க.”

“இப்ப என்னாவோ அதான் லா பட்டியல்ல வரும். வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல.” பட்டியலை மடித்துக் கொடுத்தார். “எழுத்து பத்தலன்னா கடைசி அஞ்சாறு பேருக்கு டைப்ரைட்டர்ல அடிச்சிரு. அவங்களுக்குத் தெரியவா போவுது.”

அவர் போன பிறகு தங்கமணி அந்த வாக்கியத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சைப் பார்க்க முடியாதுதான். ஆனால் அவள் பார்த்தாள். மின்விசிறிக்குக் கீழே அது கம்பளிப்பூச்சி மாதிரி ஊர்ந்து போயிற்று. பதினாலு சான்றிதழ், அதில் அம்மாவுடையது மட்டும் சாமான் ரசீது மாதிரி. நடக்காது என்று முடிவு செய்தாள். எப்படி நடக்காமல் செய்வது என்பது மட்டும் தெரியவில்லை.

தாளில் மூன்றே மூன்று ஏ இருந்தது. வரிசைப்படி அது கிராணிக்குப் போயிற்று. தவுக்கே கோலாலம்பூருக்கு போன் போட்டார். புதன்கிழமை பஸ்ஸில் தாள் வந்தது. பிரித்துப் பார்த்தால் முழுக்கப் பெரிய எழுத்து. கொம்பும் தோரணமுமாக இருபத்தாறு எழுத்தும் பல்லை இளித்தன.

“சாமா லா” என்றார் தவுக்கே. எல்லாம் ஒன்றுதானாம்.

தங்கமணி ஒரு கழிவுத் தாளில் காளியண்ணன் பேரைப் பெரிய எழுத்திலேயே தேய்த்துக் காட்டினாள். ஒரே தெருவில் பத்துத் தேர் முட்டிக்கொண்டு நின்றது போல இருந்தது. எது காளி, எது அண்ணன், யாருக்கும் தெரியாது. தவுக்கே கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார்.

“மாச்சாம் பாகார்” என்றார். வேலி மாதிரி இருக்கிறதாம். அப்புறம் டைப்ரைட்டரை எடுத்துத் துடைத்து அவள் மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நல்ல மனுஷன், ஆனால் துடைத்து வைத்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம். வெளியே மழைக்கு முந்திய வெயில், ஆற்றிலிருந்து சேற்று வாசனை, மலைமேலிருந்து இறங்கி வந்த குரங்கு ஒன்று எதிர்க் கடைக் கூரையில் உட்கார்ந்து எதையோ யோசித்துக்கொண்டிருந்தது. தங்கமணி மேசையில் கன்னத்தை வைத்துப் படுத்தாள். கண்ணுக்கு நேரே இழுப்பறை திறந்திருந்தது. உள்ளே பழைய தாள்கள் ஏறுமாறாகக் கிடந்தன. பாதித் தூக்கத்தில் அந்தத் தாள்கள் முழுக்க ஏ, ஏ, ஏ என்று நிறைந்திருப்பதைப் பார்த்தாள். கழிமுகத்துச் சேற்றில் நண்டு ஏறி வருவது போல ஒவ்வொன்றாக மேலே வந்தன. நல்ல கனவு என்று நினைத்துக் கண்ணை மூடினாள். திறந்தாள். ஏ போகவில்லை.

எழுந்து உட்கார்ந்தாள். எல்லாம் இ ஆகிவிட்டது. மறுபடியும் படுத்தாள். ஏ.

தாளை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினாள். முள்ளெழுத்தின் இ-க்கு இடப்பக்கம் ஒரு தூண், தலையில் ஒரு சின்ன வீடு. குட்டிக்கரணம் அடித்தால் தூண் வலப்பக்கம் வந்துவிடுகிறது, வீடு காலடிக்கு இறங்கிவிடுகிறது. ஏ-வுக்கு வேறு என்ன வேண்டும். மேல் கொக்கி மட்டும் ஒரு நூல் குறைவாக இருந்தது. எட்டு வருடமாக வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த அத்தனை அக்காமாருக்கும் ஒரே நாளில் முகூர்த்தம் வந்துவிட்டது.

காளியண்ணனுக்கு மூன்று இ, தலைகீழாக. அடுத்தவருக்கு இரண்டு. அதற்கடுத்தவருக்கு நான்கு. தங்கமணி சிரிக்காமல் தேய்த்தாள். தோட்டத்தையே முப்பது வருடம் அதட்டிய மண்டோர், தன் பேருக்குள் மூன்று இடத்தில் கால் மேலே தலை கீழே நிற்கப் போகிறார், தொரை கையால் அதை வாங்கிக் கும்பிடப் போகிறார் என்று நினைக்கும்போது குச்சி நழுவப் பார்த்தது. கை நடுங்காதவள் என்று பேர் வாங்கியவள், அடக்கிக்கொண்டாள். வியாழன் சாயங்காலம் பதின்மூன்று பேர் முடிந்தது.

பதினாலாவது தாளை எடுத்து வைத்தாள். பெரிய டி, அடுத்து எச். ஏ வரவேண்டிய இடத்தில் குச்சி நின்றது.

இ நிறைய இருந்தது. ஆனால் தாயம்மா முப்பத்தோரு வருடம் மரத்தடியில் குனிந்தவள், கடைசி ஒரு வருடம் புல்லோடு குனிந்தவள். அவள் பேருக்குள் எதுவும் தலைகீழாக நிற்கக் கூடாது என்று தங்கமணிக்குத் தோன்றிவிட்டது. யாருக்கும் தெரியப் போவதில்லைதான். கிராணி சொன்னதும் அதையேதான். அதனாலேயே கூடாது.

வெள்ளிக்கிழமை காலையில், அம்மா வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன பிறகு, சாமி மாடத்திலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். முருகனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

பழைய எழுத்து காய்ந்து போயிருக்கும், தேய்த்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும் என்பது அவளுக்குத் தெரியும். மூன்றுதான் இருக்கிறது, மாற்று இல்லை. வாயருகே வைத்து ஊதி ஊதிச் சூடாக்கினாள். முதலாவது இறங்கியது. இரண்டாவது இறங்கியது. மூன்றாவது பாதியில் நின்றது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூச்சையும் நிறுத்திவிட்டு, குச்சியின் பின்பக்கத்தால் தொட்டும் தொடாமலும் தடவினாள். கருப்பு சாம்பலானது. தாளைத் தூக்கினாள். ஏ கீழே படுத்திருந்தது, குறுக்கே ஒரு முடி அளவு கீறலோடு. பேனா முனையால் மையைத் தொட்டு அதை அடைத்தாள்.

காலியான துண்டை அன்று மாலையே திரும்பக் கொண்டுவந்து முருகனுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டாள். குங்குமப் பொட்டு அப்படியே இருந்தது.

சனிக்கிழமை மதியம் தமிழ்ப்பள்ளித் திடலில் பந்தல் போட்டிருந்தார்கள். தொரை ஒவ்வொரு பேராகத் தடுமாறிப் படித்தார். பதினாலு பேரும் வாங்கினார்கள், மற்ற பதின்மூன்று பேரும் தலைகீழாகப் பிடித்துவிடாமல் கிராணி நேராக்கிக் கொடுத்தார். அப்புறம் படம் எடுக்க எல்லாரையும் பெஞ்சில் உட்கார வைத்தபோது, உயரத்தைப் பார்த்துப் படக்காரர் மாற்றி மாற்றி உட்கார வைத்ததில், தாயம்மா மண்டோர் காளியண்ணனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள்.

தாயம்மாவுக்கு எந்தப் பாஷையும் படிக்கத் தெரியாது. ஆனால் பட்டையில் கத்தி போன ஆழத்தை எட்டடி தள்ளி நின்று சொல்லுவாள். தன் மடியில் இருந்த தாளைப் பார்த்தாள். மண்டோர் மடியில் இருந்ததைப் பார்த்தாள். மறுபடியும் தன்னுடையதைப் பார்த்தாள்.

“மண்டோரே, உங்க தாள்ல மூணு காயம் இருக்கு.”

காயம் என்பது பால்வெட்டில் பெரிய குற்றம். கத்தி ஆழமாகப் போய் மரத்தைக் குத்திவிட்டால் மண்டோர் வந்து காயம் என்று கத்துவார், அன்றைய நாள் போச்சு. காளியண்ணன் தாயம்மாவைப் பார்த்து அந்த வார்த்தையை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று எண்ண முடியாது. அவர் முகம் மாறியது.

“காயமா? எங்க புள்ள?”

“இந்தா, இந்தக் கொக்கி. இங்க ஒண்ணு, இங்க ரெண்டு. வெட்டு மாறிப் போயிருக்கு. எனக்கு அப்படி இல்ல.”

பந்தல் ஓரத்தில் நின்ற தங்கமணிக்கு அது காதில் விழுந்தது. பன்னிரண்டு பேர் பன்னிரண்டு தாளையும் நீட்டினால் என்ன ஆகும், தவுக்கே என்ன சொல்வார், திங்கட்கிழமை எந்த பஸ்ஸில் எங்கே போவது, எல்லாம் ஒரு சேர வந்தது. கிராணி வந்து மண்டோரின் தாளை வாங்கினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார்.

“காளியண்ணன். சரியாத்தான் லா இருக்கு. என்னா காயம்?”

தாயம்மா வாயைத் திறந்தாள். கண் எதேச்சையாக மகளிடம் போயிற்று. தங்கமணி உதட்டைக் கடித்துக்கொண்டு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்திரம் என்று சொன்ன அன்றும் அவள் இதே மாதிரிதான் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒண்ணுமில்லீங்க, கிராணி ஐயா” என்றாள் தாயம்மா. “கண்ணு மங்குது. வயசாச்சுல்ல.”

“அதானே பாத்தேன்” என்றார் காளியண்ணன், தாளைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு. படக்காரர் எல்லாரையும் சிரிக்கச் சொன்னார். அந்தப் படத்தில் தாயம்மா ஒருத்திதான் நிஜமாகச் சிரித்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் தாளைச் சேலைத் தலைப்பால் மூடிப் பிடித்திருந்தாள். இரண்டு பக்கமும் சாய்ந்து கிடந்த மரங்கள், நடுவே முழங்கால் உயரச் செம்பனைக் கன்றுகள். தாயம்மா நடந்துகொண்டே கேட்டாள்.

“தலகீழா நிக்கிதா அவருக்கு?”

“ம்.”

“மூணுமா?”

“பன்னெண்டு பேருக்கும்தாம்மா. கிராணிக்கும் உனக்கும்தான் நேரா.”

தாயம்மா அதை மெல்ல உள்ளே இறக்கிக்கொண்டாள். “நேத்து வெளக்கு ஏத்தும்போதே பாத்தேன். பொட்டு இருக்கு, எந்திரம் காலி. முருகன் எடுத்துக்கிட்டாருன்னு நெனச்சேன்.” தலைப்பை விலக்கித் தன் பேரை ஒருமுறை தடவினாள். விரல் மூன்றாவது கொக்கியில் நின்றது. “இதுல ஒரு கீறல் இருக்கு.”

“காஞ்சு போச்சும்மா. அடைச்சிட்டேன்.”

“நான் சூடம் காட்டுனதுல காஞ்சிருக்கும்.” இரண்டு எட்டு நடந்தாள். “எதுக்குடி எடுத்து வெச்சிருந்த இத்தன வருஷம்?”

தங்கமணி சொன்னாள். பத்திரிகை, தன் பேர், மூன்று ஏ. சொல்லும்போது அது ரொம்பச் சின்ன விஷயமாகக் கேட்டது. தாயம்மா நின்றுவிட்டாள்.

“அப்ப உனக்கு?”

“இழுப்பறை நெறைய இருக்கும்மா, மண்டோர் எழுத்து.”

தாயம்மா யோசித்தாள். மரத்தில் கத்தி வைக்குமுன் பட்டையைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள்.

“பரவால்ல. அதுவும் நல்லாத்தான் நிக்கிது.”

வீட்டுக்குப் போனதும் சான்றிதழை மாடத்தில் வைத்தாள். காலித் துண்டை எடுத்து மடித்து அதற்குப் பின்னால் செருகினாள். குங்குமச் சிமிழைத் திறந்து, தாளின் ஓரத்தில், எழுத்தில் படாமல், ஒரு பொட்டு வைத்தாள்.